கொட்டாஞ்சேனைக்கு ஒரு கார்ப் பிரயாணம்

கொழும்பு மாநகரின் தென்புறத்திலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடம் வெள்ளவத்தை. 'சின்ன யாழ்ப்பாணம்' என்று அதனை வேடிக்கையாகவும் சொல்வார்கள், உரிமையோடும் சொல்வார்கள். விடியற்காலையில் ஒழுங்கையொன்றில் இறங்கி மேற்கே நடந்தால், ஒரு வீட்டிலே தோசை மணக்கும். இன்னொரு வீட்டிலே சுப்ரபாதம் கேட்கும். ஒழுங்கை முடிகிற இடத்தில் கடற்கரை வீதியும், அதற்கப்பால் புகையிரதப் பாதையும், அதற்கும் அப்பால் அலை புரளும் கடலும் தோன்றும்.

இந்த ஒழுங்கைகளுக்கு இன்னொரு காட்சியும் உண்டு. தொடர்மாடிகளின் கீழும், எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் முற்றங்களிலும் நிற்கும் கார்களைப் பார்த்தாலே, இலங்கையின் பொருளாதாரச் சரித்திரத்தில் பாதியைப் படித்துவிடலாம். அந்நியச் செலாவணி முடையினால் 1960களில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, அதற்கு முன் வந்த இங்கிலாந்துக் கார்களை மக்கள் கண்ணைப் போல் காத்தார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் யப்பானிய வண்டிகள் வந்து நிறைந்தன. 2020இல் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், இருக்கிற வண்டியை ஓடவைப்பதே புத்தி என்று வீடுதோறும் கண்டுகொண்டார்கள். பழைய கார் இங்கே ஆடம்பரப் பொருளன்று. குடும்பத்தில் வயது முதிர்ந்த ஓர் அங்கத்தவர்.

பெரியப்பாவின் மொரிஸ்

எங்கள் பெரியப்பாவின் வீட்டில் நிற்பது ஒரு மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் வெளியான வகை அது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டி விற்பனையான முதல் பிரித்தானியக் காரும் அதுவே. பெரியப்பாவின் கார் 1959இல் பதிவானது. அதற்குச் சில ஆண்டுகள் முன் பதிவானவற்றின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றுக்குப் பின் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அந்த ஓர் எழுத்தைக் குறித்து அன்று நாட்டில் எழுந்த பிணக்கைப் பெரியவர்கள் அறிவார்கள்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையின் வீதிகளிலே வீடுகளும் கடைகளும் வாகனங்களும் எரிந்தன. அந்த வாரம் பெரியப்பாவின் மொரிஸ், இயந்திரம் பிரித்த நிலையில், நீர்கொழும்பில் ஒரு பட்டறையிலே கிடந்தது. பழுதாகிக் கிடந்ததால் அது பிழைத்தது. அதன் பின் எத்தனையோ பேர் வாங்கக் கேட்டும் பெரியப்பா கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட காரைத்தான் சென்ற ஆண்டு விற்றுவிடுவது என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. காரணம் பற்றரி. இரண்டு நாள் நிறுத்திவைத்தால் மூன்றாம் நாட் காலையில் கார் அசையாது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒரு சத்தம், பின்னர் மௌனம். பழைய காராகையால் முன்புறத் துவாரத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றலாம். எண்பது வயது கடந்த பெரியப்பா சுழற்றுவதெப்படி? ஒழுங்கைப் பிள்ளைகள் வந்து சுழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். பெரியம்மாவுக்கோ முழங்கால் நோவு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போகவேண்டும். முச்சக்கர வண்டியின் குலுக்கல் ஆகாது. எட்டு மாதத்தில் இரண்டு பற்றரிகள் வாங்கியாயிற்று. விற்ற கடைக்காரர் இயந்திரத்தை ஓடவிட்டு மீற்றரை வைத்துப் பார்த்து, "சார்ஜ் நன்றாக ஏறுகிறது, கார் கிழடாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று தீர்ப்புக் கூறினார். ரொறன்ரோவிலிருக்கும் மகன் தொலைபேசியில், "அப்பா, கொடுத்துவிடுங்கள்" என்றார். வாங்குகிறவர் ஒருவரும் வந்து பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்பணத்துடன் வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

இந்த நிலையிலேதான், கொட்டாஞ்சேனையில் பழைய கார்களின் மின்சார வேலை பார்க்கும் ஒரு முதியவரைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டோம். கைத்தொழில் வல்லவரை 'பாஸ்' என்று அழைப்பது இலங்கை வழக்கம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. வயரிங் பாஸ் என்றே அவரை எல்லாரும் அழைக்கிறார்கள். தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஐயா, பற்றரி ஓடும்போது சாகிறதா, நிற்கும்போது சாகிறதா?"

"நிற்கும்போதுதான்" என்றார் பெரியப்பா.

"அப்படியானால் நன்றாகச் சார்ஜ் ஏற்றி, இரண்டு இரவு பற்றரியின் மறை வயரைக் கழற்றிவையுங்கள். மூன்றாம் நாள் பூட்டி, சாவியைத் திருப்பிப் பாருங்கள். பிறகு கதைப்போம்."

அவ்வாறே செய்தோம். மூன்றாம் நாட் காலை, வயரைப் பூட்டிச் சாவியைத் திருப்பிய கணத்திலேயே மொரிஸ் உறுமி எழுந்தது. ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனை பற்றரியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டது. தனியே நின்றால் அது சக்தியைக் காக்கிறது. காருடன் சேர்ந்து நின்றால் இழக்கிறது. ஆகவே காருக்குள் எங்கேயோ ஒரு கள்வன் இருக்கிறான்! வயரின் தலையை மறுபடி கழற்றுவதற்கு முன்பே கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டுவிட்டோம்.

கடலோரமாக வடக்கே

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர். கடற்கரை வீதி வழியாகப் பம்பலப்பிட்டியையும் கொள்ளுப்பிட்டியையும் கடந்தோம். இடப்புறத்தில் புகையிரதப் பாதை. அதற்கப்பால் கற்பாறைகளில் மோதிச் சிதறும் கடல். பார்ப்பதற்கு இன்பமான இந்தக் கடற்காற்றுத்தான் கரையோரக் கார்களுக்குப் பகை. உப்பும் ஈரமும் இரும்பைத் தின்பதோடு நில்லாமல், வயர் முனைகளிலும் பியூஸ் பெட்டியிலும் பச்சையாகப் பூத்து விடுகின்றன. கண்டியில் நாற்பது ஆண்டு நிற்கும் வயர், இங்கே அதிற் பாதிக் காலமும் நில்லாது என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

காலிமுகத்திடலையும் கோட்டையையும் தாண்டிப் புறக்கோட்டையை அணுகியதும் நகரத்தின் முகமே மாறிவிடுகிறது. லொறிகள், கைவண்டிகள், மூட்டை சுமப்போர், மூன்று மொழிகளிலும் எழும் கூவல்கள். கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தைக் கடந்து கொட்டாஞ்சேனைக்குள் நுழைந்தால், புனித லூசியா பேராலயத்தின் பெரிய குவிமாடம் கூரைகளுக்கு மேலே தெரிகிறது. சற்றுத் தூரத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுக்கிக் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில். வெள்ளவத்தையைப் போலவே இதுவும் தமிழர் நிறைந்த இடமாயினும், இதன் இயல்பு வேறு. அங்கே உத்தியோகமும் படிப்பும் முன்னிற்க, இங்கே துறைமுகமும் வியாபாரமும் கைத்தொழிலும் முன்னிற்கின்றன.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், ஒரு கார் மட்டுமே நிற்கக்கூடிய தகரக் கொட்டகைதான் பாஸின் பட்டறை. சுவரில் வயர்ச் சுருள்கள். மேசையில் பற்றவைக்கும் ஈயம். மூலையில் ஒரு சிறிய பிள்ளையார் படம். பாஸ் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். எந்தப் பகுதியையும் பிரிக்கவில்லை. "முதலில் அளப்போம்" என்றார்.

கள்வனைத் தேடி

முதலில் அவர் பார்த்தது பற்றரியின் மேற்புறம். அழுக்கும் அமிலமும் உப்பும் சேர்ந்து கறுத்த ஒரு படலம். மீற்றரின் ஒரு முனையை நேர்முனையிலும், மற்றதை வெறும் பிளாஸ்ரிக் மூடியின் மேலும் வைத்தார். ஒன்றும் காட்டக்கூடாத இடத்தில் முட்கள் போன்ற எண்கள் ஓடின. அழுக்கின் வழியாகவே சிறிது மின்சாரம் ஊர்கிறது! அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்துவிட்டார், கரைசல் நுரைத்து அடங்கியது, எண்கள் மறைந்தன. "இதுவும் ஒரு கசிவு, ஆனால் இது சில்லறைக் கள்வன்" என்றார்.

பின்னர் கதவுகளை மூடி, விளக்குகளை அணைத்து, சாவியை எடுத்து எங்கள் கையில் தந்தார். மறை வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பற்றரி முனைக்கும் நடுவே ஒரு சிறிய 5 வாற் பல்பை வைத்தார். மோட்டார் நிற்கிறது, சாவி எங்கள் கையில். ஆயினும் பல்பு மங்கலாக எரிந்தது. எங்கள் எல்லோருக்கும் ஒரு திகைப்பு. எட்டு மாதமாகக் கண்ணுக்குத் தெரியாதிருந்த களவு, அந்தச் சிறு வெளிச்சத்தில் முதன்முறையாகத் தெரிந்தது.

பல்பு 'உண்டு' என்று மட்டும் சொல்லும். 'எவ்வளவு' என்று சொல்லாது. ஆகையால் பல்பை எடுத்துவிட்டு மீற்றரைப் பத்து அம்பியர்த் துளையில் இணைத்து அதே இடத்தில் வைத்தார். எண் 0.43 என்று நின்றது. மாணவர்கள் இங்கே ஒரு கணக்குப் போடலாம். 0.43 அம்பியர் ஒரு நாளைக்கு, அதாவது 24 மணி நேரத்திற்கு, ஏறக்குறைய 10 அம்பியர் மணி. பெரியப்பாவின் பற்றரி 45 அம்பியர் மணி கொண்டது. இரண்டரை நாளில் பாதிக்கு மேல் போய்விடும். பாதி போன பற்றரி இயந்திரத்தைச் சுழற்றத் திணறும். மூன்றாம் நாட் காலையில் மொரிஸ் மௌனமானதன் காரணம் இந்தப் பெருக்கற் கணக்கிலேயே இருந்தது.

இனி, களவு எந்த வழியால் நடக்கிறது? மொரிஸில் இரண்டே பியூஸ்கள். ஒன்று, சாவி இல்லாதபோதும் உயிருடன் இருக்கும் ஹோர்ன், உள்விளக்கு ஆகியவற்றுக்கானது. மற்றது சாவி திருப்பிய பின் உயிர் பெறுவனவற்றுக்கானது. முதலாவதைக் கழற்றினார், எண் அசையவில்லை. இரண்டாவதைக் கழற்றினார், அப்போதும் அசையவில்லை. "ரேடியோவாக இருக்குமோ?" என்று பெரியப்பா கேட்டார், பேரப்பிள்ளைகளுக்காகப் பின்னாளில் பூட்டிய ரேடியோ அது. அதன் வயரைக் கழற்றியதும் 0.43 என்பது 0.41 ஆனது. "நேரத்தை நினைவில் வைக்க அது குடிப்பது இவ்வளவே. பாவம், அதை விட்டுவிடுங்கள்" என்றார் பாஸ். எல்லாரும் முதலிற் சந்தேகிப்பது ரேடியோவை. அளவுகோலோ அதனை விடுவித்துவிட்டது.

இரண்டு பியூஸும் இல்லை; ரேடியோவும் இல்லை. அப்படியானால் பியூஸ் இல்லாத வழியால்தான் மின்சாரம் போகவேண்டும். இந்த மொரிஸில் அத்தகைய வழிகள் சிலவே: முன்விளக்கு வயர், ஸ்ராட்டர் வயர், சார்ஜ் ஏற்றும் இயந்திரத்தின் வயர். விளக்கு வயரைக் கழற்றிப் பார்த்தார், மாற்றமில்லை. பின்பு மீற்றரை எடுத்து, பற்றரியின் வயரை முற்றாக விலக்கிவைத்துவிட்டு, அல்ரனேற்றரின் தடித்த வயரைக் கழற்றித் துணியால் சுற்றினார். மீற்றரை மறுபடி வைத்தார்.

சுழியம்!

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ரேடியோவைச் சேர்த்ததும் 0.02. வேறொன்றுமில்லை.

கிணற்றடிப் பம்பும் டயோட்டும்

மொரிஸ் மைனர் பிறந்தபோது அதில் இருந்தது டைனமோ. அதனோடு 'கட்-அவுட்' என்னும் ஒரு சிறு பெட்டி இருக்கும். டைனமோ சுழலும்போது அதன் தொடுமுனைகள் மூடிப் பற்றரிக்கு வழி விடும். சுழற்சி நின்றால் திறந்து, மின்சாரம் திரும்பிப் போகாமல் தடுக்கும். அந்தத் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் ஓர் இரவிலேயே பற்றரி காலியாகும். பெரியப்பாவின் காரிலோ, பல ஆண்டுகளுக்கு முன் டைனமோவை எடுத்துவிட்டு, யப்பானியக் கார் ஒன்றின் அல்ரனேற்றரைப் பூட்டியிருந்தார்கள். அதற்காக, நேர்முனை உடலோடு இணைந்திருந்த பழைய முறையை மாற்றி, மறைமுனையை உடலோடு இணைத்தார்கள். கட்-அவுட்டின் வேலையை இப்போது அல்ரனேற்றருக்குள் இருக்கும் டயோட்டுகள் செய்கின்றன. பாடநூல்களில் இருவாயி என்று மாணவர்கள் படிப்பது அதனையே.

பாஸ் சொன்ன விளக்கம் எளிமையானது. "கிணற்றடிப் பம்புக்குக் கீழே ஒரு வால்வு இருக்கிறதல்லவா? தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அந்த வால்வு ஒழுகினால் பம்பு ஓடும்போது தண்ணீர் வரத்தான் செய்யும். நிறுத்தினால் மெல்ல மெல்லக் கிணற்றுக்கே திரும்பும். டயோட்டும் அப்படித்தான், ஐயா."

இதனால்தான் பற்றரிக் கடைக்காரரின் மீற்றர் அவரை ஏமாற்றியது. இயந்திரம் ஓடும்போது 14 வோல்ற்றுக்கு மேல் ஏறியது உண்மை. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நோய் ஓட்டத்தில் இல்லை; ஓய்வில் இருந்தது. ஓய்வை யாரும் அளக்கவில்லை. யாழ்ப்பாணத்து மாமரங்களில் ஏறும் குருவிச்சையை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். மரமும் பச்சை, அதுவும் பச்சை. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே செழிப்பாகவே தெரியும். அதுபோன்ற கள்வன்தான் இதுவும். ஆங்கிலேயரும் இந்தக் கசிவுக்கு ஒட்டுண்ணியின் பெயரையே இட்டிருக்கிறார்கள்.

பஞ்சிகாவத்தையில் ஒரு மணி நேரம்

டயோட் தட்டு ஒன்று வேண்டும் என்றார் பாஸ். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆமர் வீதிச் சந்தியைக் கடந்து மருதானைப் பக்கம் போனால் பஞ்சிகாவத்தை. கார் உதிரிப் பாகங்களுக்கு இலங்கை முழுவதும் பெயர் பெற்ற வீதி அது. கதவுகள் புத்தகங்களைப் போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. முன்விளக்குகள் மாலையாகத் தொங்குகின்றன. இயந்திரங்கள் நடைபாதையில் வரிசையாகக் குந்தியிருக்கின்றன. பழுதான தட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால், சிங்களத்தில் கேட்டால் சிங்களத்திலும், தமிழில் கேட்டால் தமிழிலும் விடை வருகிறது. நான்காவது கடையில் அதே தட்டுக் கிடைத்தது. விலை, ஒரு புதுப் பற்றரியின் விலையில் மிகச் சிறிய பங்கு.

மாலைக்குள் வேலை முடிந்தது. மீற்றர் 0.02 என்று காட்டியது. நாளொன்றுக்கு அரை அம்பியர் மணியும் இல்லை. ஒரு மாதம் நின்றாலும் கார் எழும். ஆயினும் பாஸ் அதனை முடிவாகக் கொள்ளவில்லை. "நான்கு நாள் தொடாமல் விடுங்கள். ஐந்தாம் நாள் எழுந்தால் மிகுதிப் பணம் தாருங்கள்" என்றார். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மொரிஸ் முதல் திருப்பிலேயே எழுந்தது. முன்பணத்துடன் வந்தவருக்குப் பெரியம்மா தேநீர் கொடுத்தார். பெரியப்பா காரைக் கொடுக்கவில்லை. பாஸின் மிகுதிப் பணம் அன்று பிற்பகலே கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வாரக்கணக்காகக் கார்கள் நின்றபோதும், 2022இல் எரிபொருளின்றி வாகனங்கள் வீடுகளில் முடங்கியபோதும், கொழும்பில் எத்தனையோ பற்றரிகள் இறந்தன. அவற்றுள் சில முதுமையால் இறந்திருக்கும். சில இத்தகைய கசிவால் இறந்திருக்கும். எது எதுவென்று அறிய, வயரைக் கழற்றிவைக்கும் சோதனையைப் பழைய கார் வைத்திருக்கும் எவரும் செய்யலாம். கழற்றும்போது, உடலோடு இணைந்த முனையை முதலிற் கழற்றி, பூட்டும்போது அதனைக் கடைசியாகப் பூட்டுக. பற்றரியருகே தீப்பொறி ஆகாது, ஏனெனில் அதிலிருந்து எழும் ஐதரசன் வாயு எரியக்கூடியது. மீற்றர் நடுவே இருக்கும்போது காரை ஸ்ராட் செய்தல் கூடாது. செய்தால் மீற்றரின் பியூஸ் போய்விடும்.

இக்காலத்துக் கார்களில் சுழியத்தை எதிர்பார்க்க வேண்டா. அவற்றின் கணினிகளும் எச்சரிக்கை மணியும் உறக்கத்திலும் சிறிது குடிக்கும். 50 மில்லியம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலும் குறையில்லை. கதவைப் பூட்டியதும் அவை உறங்கிவிடுவதுமில்லை. அரைமணி நேரமோ அதற்கு மேலோ பொறுத்திருந்து பார்க்கவேண்டும். சாவியைக் காருக்கு எட்டத்தில் வைத்துக்கொள்வதும் அவசியம். அருகில் இருந்தால் சில கார்கள் விழித்தே இருக்கும்.

பெரியப்பா இப்போது காரின் பெட்டியில் ஒரு சிறிய மீற்றரும், பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பி ஒன்றும் வைத்திருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறன்று பேரன் மீற்றரைப் பிடிக்க, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திகதியையும் எண்ணையும் எழுதுகிறார். அந்த எண் ஏறத் தொடங்கினால், கார் நின்றுபோவதற்கு முன்னமே கொட்டாஞ்சேனைக்குப் போகலாமல்லவா?